பனிமனிதன் இல்லாத ஊரில் பருவகாலப் பாடம்

கேள்வி இதுதான். கேட்டவர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியை. "1, 2, 3 மூன்று வகுப்புக்கும் நான் ஒருத்திதான். பருவகாலச் செயல்பாடுகள் என்று இணையத்தில் தேடினால் பனிமனிதன், சிவந்த இலை, பூசணிக்காய் முகம் என்றுதான் வருகிறது. எதுவும் எங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை. செலவில்லாமல், வருடம் முழுக்க, எண்ணும் எழுத்தும் பாடத்தோடு சேர்ந்து போகிற மாதிரி என்ன செய்யலாம்?"

என் பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பருவகாலத்தை ஒரு வாரம் நடத்தி முடிக்கிற பாடமாக வைத்துக்கொண்டால் அது நான்கு கட்டம் போட்ட அட்டையில்தான் போய் முடியும். ஒரு கட்டத்தில் குடை, ஒரு கட்டத்தில் ஸ்வெட்டர். பிள்ளைகள் வண்ணம் தீட்டுவார்கள், நாம் சுவரில் ஒட்டுவோம், அதோடு சரி. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பருவம் மாறுவது புரிய வேண்டுமானால் ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அதே மரம், அதே கொடிக்கம்பம், அதே ஏரி. பார்த்ததைத் தினம் எங்காவது பதிந்து வைக்க வேண்டும். தினம் ஐந்து நிமிடம், ஜூனில் தொடங்கி ஏப்ரல் வரை. அதனால்தான் முதலில் ஒரு தினசரிக் காலண்டரைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

மளிகைக் கடை, நகைக்கடை, பாத்திரக் கடை, எங்கே கேட்டாலும் புத்தாண்டுக்கு ஒரு தினசரிக் காலண்டர் கிடைக்கும். பின்பக்கம் வெறுமையாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் சமையல் குறிப்பும் ராசிபலனும் அச்சடித்திருப்பார்கள், அது நமக்கு உதவாது. நடு வருடத்தில் தொடங்குவதானால் தலைமையாசிரியர் அறையில் தொங்குவதை எடுத்துக்கொள்ளலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் அன்று முறை வரும் பிள்ளை எழுந்து நேற்றைய தாளைக் கிழிக்க வேண்டும். தேதி, கிழமை, தமிழ்த் தேதி மூன்றையும் வாசிக்க வேண்டும். பிறகு அந்தத் தாளின் பின்பக்கத்தில் நேற்றைய நாள் எழுதப்படும். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலையாகப் பிரிக்கிறது. அரும்பு நிலைப் பிள்ளை ஒரு படம் வரையும்: சூரியன், மேகம், மழைக்கோடு, ஏதாவது ஒன்று. மொட்டு நிலைப் பிள்ளை அதன்கீழ் ஒரு சொல் எழுதும். மலர் நிலைப் பிள்ளை ஒரு வாக்கியம் எழுதும். ஒரே தாள், மூன்று கை. பல வகுப்பு ஒன்றாக உட்காரும் அறைக்கு இதைவிடத் தோதான வேலை எனக்குத் தெரியவில்லை.

அந்த வாக்கியத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். "நேத்து எங்க கொல்லையில தண்ணி நின்னுச்சு" என்று பிள்ளை சொன்னால் அப்படியே எழுத விடுங்கள். எழுத வராத பிள்ளை என்றால் அது சொன்னதை அட்சரம் பிசகாமல் நீங்கள் எழுதிக் கொடுங்கள். தான் பேசியதுதான் தாளில் இருக்கிறது என்று தெரிந்தால் எழுத்துக்கூட்டாமல் திரும்ப வாசித்துவிடும். அதைப் புத்தகத் தமிழில் மாற்றி எழுதுவது மூன்றாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை வேலையாக இருக்கட்டும். "நேற்று மழை பெய்தது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது" என்று எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி எழுத ஆரம்பித்தால், நாம் எங்கோ அதிகமாகத் திருத்திவிட்டோம் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை மூன்று தாள் கிழிபடும். சனி, ஞாயிறு என்ன நடந்தது என்று நினைவிலிருந்து சொல்ல வேண்டும். அன்று ஐந்து நிமிடம் பதினைந்து ஆகும், விடுங்கள்.

எழுதிய தாளை வகுப்பறையில் தலைக்கு மேல் கட்டியிருக்கும் கம்பிப் பந்தலில் மாட்டுங்கள். மாதம் முடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கி, வெயில், மேகம், மழை என்று மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கீழ்மட்டக் கரும்பலகையின் கீழே தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வரிசை அடுக்கினால் அதுவே படவிளக்கப்படம். எது அதிகம், எதைவிட எத்தனை அதிகம், மூன்றையும் கூட்டினால் மாதத்தின் நாள் எண்ணிக்கை வருகிறதா? கணக்குப் புத்தகத்தின் பாதி அங்கேயே நடந்துவிடும். பிறகு அந்த மாதத் தாள்களை ஒரு கட்டாகக் கட்டி வையுங்கள்.

செயல்வழிக் கற்றல் காலத்திலேயே வகுப்பறையில் காலநிலை அட்டவணை மாட்டியிருந்தோம், ஞாபகம் உள்ளவர்கள் இருப்பார்கள். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், முள்ளைத் திருப்புகிற வகை அட்டவணையில் நேற்றையது அழிந்துவிடும். இதில் நேற்றையது கையில் நிற்கும். தை மாதத்தில் ஐப்பசிக் கட்டை எடுத்துக் காட்டி "அப்போ எத்தனை நாள் மழை பெய்தது?" என்று கேட்க முடியும்.

கட்டுகளை ஆங்கில மாதமாகப் பிரிப்பதா, தமிழ் மாதமாகவா என்றால், பருவத்துக்குத் தமிழ் மாதம்தான் சரி. வீட்டில் விதைப்பது, அறுப்பது, கூழ் ஊற்றுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. அதில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. தமிழ் மாதங்கள் 29 முதல் 32 நாள் வரை வரும். ஆனி நீளும், மார்கழி குறையும். யாரும் சொல்லிக் கொடுக்காமல், தாளை எண்ணியே பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கட்டும்.

இப்போது மாதங்களுக்கு வருவோம். எல்லா மாதத்துக்கும் ஒரே அளவு சொல்லப் போவதில்லை.

பள்ளி திறக்கும்போது கையில் கிடைப்பது மாங்கொட்டை. தின்றுவிட்டுக் கழுவிக் கொண்டுவரச் சொல்லுங்கள். சிறியது பெரியது என்று அடுக்கி முடித்ததும் உடனே மண்ணில் வையுங்கள். மாங்கொட்டை காய்ந்து கிடந்தால் சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். முளைத்து வரும் முதல் இலை பச்சையாக இருக்காது, செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். "இலைக்கு என்ன நிறம்?" என்று அதற்கு முன்பே கேட்டு வைத்துவிடுங்கள். எல்லோரும் பச்சை என்பார்கள்.

ஆடிக்குக் காற்று. பழைய புடவையிலிருந்து ஒரு முழ நீளத்தில் மெல்லிய நாடா கிழித்து ஒரு கழியில் கட்டி, மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் நடுங்கள். ஒன்றாம் வகுப்புக்குக் கிழக்கு மேற்கு வேண்டாம். "நாடா எந்தப் பக்கம் பறக்குது? கோயில் பக்கமா, ஏரிப் பக்கமா, ரோட்டுப் பக்கமா?" அது போதும். பதிலைக் காலண்டர் தாளில் ஓர் அம்புக்குறியாகப் போடச் சொல்லுங்கள். ஆடியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று, நாடா பெரும்பாலும் கிழக்கே பறக்கும். ஐப்பசி கடைசியில் பார்த்தால் திசை திரும்பியிருக்கும், வடகிழக்கிலிருந்து வீசும் காற்று அதைத் தென்மேற்கே தள்ளும். பருவமழை மாறுவது என்பது இதுதான். மேல் வகுப்புப் புவியியலில் மனப்பாடம் செய்கிற தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்றை ஏழு வயதில் ஒரு புடவைக் கிழிசலில் பார்த்துவிடலாம். பனையோலைக் காற்றாடி செய்து ஓட விடுவதும் இந்த மாதத்துக்குத்தான், தாத்தா ஒருவரை அழைத்துக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நூல் பட்டம் விடுவதாக இருந்தால் வெறும் நூல் மட்டும்தான், மாஞ்சா பேச்சே கூடாது.

உங்கள் மாவட்டத்துக்கென்றே அமைந்த ஒன்று மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. மானாவாரியில் ஆடியில் விதைத்து, மூன்று மூன்றரை மாதத்தில் பிடுங்குவார்கள். நிலம் வைத்திருக்கும் பெற்றோரிடம் கேட்டு, பள்ளியில் ஒரு சிறு பாத்தியில் விதையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு செடி. மஞ்சள் பூ வந்ததும் ஆளுக்கொரு பூவில் நூல் கட்டி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். சில நாளில் பூ வாடி, அடியிலிருந்து ஊசி மாதிரி ஒன்று கிளம்பிக் கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்கும். காய் மண்ணுக்குள் வருகிறது என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பூ மேலேயிருந்து கீழே போவதை உற்றுப் பார்த்த பிள்ளைகள், விவசாயி வீட்டிலும்கூட, குறைவு.

பிடுங்கும் நாளில் ஒவ்வொருவரும் தன் செடியின் காய்களை எண்ணட்டும். பிறகு உடைத்து, ஒரு பருப்பு உள்ளது, இரண்டு பருப்பு உள்ளது, மூன்று உள்ளது என்று பிரிக்க வேண்டும். இரண்டு பருப்புக் காய் 12 இருந்தால் மொத்தம் எத்தனை பருப்பு? இரண்டாம் வகுப்புப் பெருக்கலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டாம். விடை சரியா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, வேகவைத்துத் தின்னும் உரிமையும் உண்டு.

மழைக்கு மழைமானி. இணையத்தில் காட்டுவது பாட்டிலை வெட்டித் தலைகீழாகக் கவிழ்க்கிற வகை. அந்தப் பாட்டிலின் அடி நெளிவாக இருக்கும், உடம்பில் வரி வரியாக இருக்கும், அளவு தப்பும். வாயும் அடியும் ஒரே அகலத்தில், பக்கம் நேராக இறங்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். கூரைத் தண்ணீரும் மரத்தண்ணீரும் சொட்டாத திறந்த இடத்தில், காற்றில் சாயாமல் நான்கு செங்கலுக்கு நடுவே வையுங்கள். வானிலைத் துறை தினமும் காலை 8.30 மணிக்கு முந்தைய 24 மணி நேர மழையை அளக்கிறது. பள்ளி தொடங்கும்போது நீங்கள் அளந்தால் கிட்டத்தட்ட அதே கணக்கு. அளந்ததும் கொட்டிவிடுங்கள், தேங்கினால் டெங்கு கொசுவுக்கு நாம் பண்ணை வைத்த மாதிரி ஆகிவிடும்.

மில்லிமீட்டர் தெரியாத பிள்ளை எப்படி அளக்கும்? ஒரு துண்டுக் காகிதத்தை டப்பாவுக்குள் நேராக அடி வரை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். நனைந்த இடம் வரை வெட்டி, அதைச் சார்ட்டில் அன்றைய தேதிக்கு மேலே நிறுத்தி ஒட்ட வேண்டும். அடுத்த நாள் அடுத்த துண்டு. பத்து நாளில் பட்டை வரைபடம் தயார், ஓர் எண்கூட எழுதாமல். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்கேல் வைத்து அளக்கலாம். ஸ்கேலின் முனைக்கும் பூஜ்யத்துக்கும் இடையே வெற்றிடம் இருப்பதை அவர்களே கவனித்துச் சொல்கிறார்களா பாருங்கள். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் வானிலைக் கணக்கில் அது மழை நாள். அந்தக் கோட்டைச் சார்ட்டில் சிவப்பில் போட்டுவிட்டால் தூறலா மழையா என்ற சண்டை தீரும்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர் சதுரம் போட்டு, நேற்று 10 மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர் பாட்டில்கள் பத்தை அதில் வரிசையாக வைத்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டு மாடியில் எத்தனை பாட்டில், பள்ளி மைதானத்தில் எத்தனை என்று கேள்வி தானாகக் கிளம்பும்.

மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்த நாட்களில் அளவு விட்டுப்போகும். பரவாயில்லை. பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது பார்த்துவிட்டால் சரி, இல்லையென்றால் மூன்று நாள் மழை என்று ஒரே துண்டாக ஒட்டுங்கள். ஏரி நிரம்பிக் கோடி போகிற, அதாவது உபரித் தண்ணீர் வழிகிற நாளை மட்டும் தவறாமல் பதிவு செய்யுங்கள், ஊரே அதைப் பற்றித்தான் பேசும்.

மழையை எப்போதும் கொண்டாட்டமாக நடத்தாதீர்கள். ஒழுகும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை வகுப்பில் இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னையையும் ஓட்டு வீட்டையும் சாய்த்துப் போட்டது. அப்படி ஒன்றைப் பார்த்த பிள்ளையிடம் போய் 'மழையே மழையே வா' என்று பாடச் சொல்ல முடியாது. பலத்த மழைக்கு மறுநாள் பாட்டுக்கு முன்னால் ராத்திரி தூங்கினார்களா என்று கேளுங்கள். அதையும் தாளில் எழுதலாம்.

கார்த்திகையில் உங்களுக்கு வேறெந்த மாவட்டத்துக்கும் வாய்க்காத வசதி ஒன்று உண்டு. 2,668 அடி மலையின் உச்சியில் தீபம். மறுநாள் வகுப்பில் ஒரு கேள்வி: யார் வீட்டு வாசலிலிருந்து தெரிந்தது, யாருக்கு மேகம் மறைத்தது, யாருக்கு முன்வீட்டு மாடி மறைத்தது? ஊரின் தெருக்களைத் தரையில் வரைந்து தெரிந்த இடத்தில் எல்லாம் ஒரு புளியங்கொட்டை வையுங்கள். பிள்ளைகள் போடுகிற முதல் வரைபடம் அதுவாக இருக்கும்.

மார்கழிக்குக் கோலம். இதை அழகுக்கலை என்று சனிக்கிழமைக்குத் தள்ளாதீர்கள், இது முழுக்கக் கணக்கு. 5 புள்ளி 5 வரிசை வைத்தால் 25 புள்ளி. நேர்ப்புள்ளியில் நடுவே 7 வைத்து இருபுறமும் 5, 3, 1 என்று குறைத்தால்? 1, 3, 5, 7, 5, 3, 1. கூட்டிப் பார்த்தால் அதுவும் 25. ஒன்று சதுரம், இன்னொன்று வைரம், பார்வைக்கு இரண்டாவது பெரிதாகத் தெரியும். "எதில் புள்ளி அதிகம்?" என்று முதலில் கையைத் தூக்கச் சொல்லிவிட்டு, பிறகு எண்ண விடுங்கள். ஊடுபுள்ளியில் 7 முதல் 4 வரை வைத்தால் 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37. மூன்றாம் வகுப்புக்கு இந்தக் கூட்டலில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. இருபுறமும் ஒரே எண்கள், அதனால் ஒரு பக்கத்தைக் கூட்டி இரட்டித்து 7 சேர்த்தால் போதும். நீங்கள் சொல்லாதீர்கள், யாராவது ஒரு பிள்ளை சொல்லும்.

ஒன்றாம் வகுப்புக்குக் கோலத்தின் பயன் வேறு. புள்ளியைச் சுற்றிக் கையை எடுக்காமல் வளைத்துப் போகிற சிக்குக் கோலம் எழுத்துக்கான கைப்பழக்கம். கொம்பு, சுழி, ணகர வளைவு எல்லாம் அந்த அசைவில் இருக்கின்றன. பையன்களும் போட வேண்டும். முதல் நாள் சிணுங்குவார்கள், மாவு கையில் பட்டதும் மறந்துவிடுவார்கள். புள்ளி வைக்கக் கற்றுக்கொடுக்கப் பிள்ளையின் பாட்டியையே அழையுங்கள்.

பொங்கல் எல்லாப் பள்ளியிலும் நடக்கும், நான் சொல்ல வேண்டியதில்லை. கரும்பை உடைப்பதற்கு முன் கணுவை எண்ணி, கணுவுக்குக் கணு தூரம் ஒன்றுதானா என்று நூலால் அளந்துவிட்டு உடையுங்கள். பண்டிகைகளில் ஒரு கவனம் வேண்டும். ரம்ஜான் எந்தப் பருவத்துக்கும் சொந்தமில்லை, ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னே வந்துகொண்டே இருக்கும். அதை ஒரு பருவத்தில் அடைக்காமல், பிறை பார்த்து வரைகிற மாதமாக வைத்துக்கொள்ளலாம்.

இலை உதிர்வது அக்டோபரில் இல்லை, இங்கே மாசியில். இணையப் பயிற்சித்தாள்கள் நம்மைத் தடுமாற வைப்பது இந்த இடத்தில்தான். அக்டோபரில் நம் ஊரில் எல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கும். தை, மாசியில் பள்ளி வளாகத்துப் பாதாம் மரம் இலையைச் சிவப்பாக்கிக் கொட்டும். அரசும் வேம்பும் கொட்டும். கொட்டிய கையோடு துளிர்க்கும், பங்குனியில் புங்கன் தளதளவென்று நிற்கும். ஆளுக்கு ஒரு மரத்தைப் பிரித்துக் கொடுத்து, வாரம் ஒருமுறை அதே மரத்தை வரையச் சொல்லுங்கள். சிவந்த பாதாம் இலை ஒன்று, பாதி சிவந்தது ஒன்று, மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. நிறப்படி வரிசையாக அடுக்குவது ஒன்றாம் வகுப்புக்கு ஒரு முழு மணி நேர வேலை.

அதே மாதங்களில் புளி உலுக்குவார்கள். கொட்டையைக் கழுவிச் சேர்த்தால் பல்லாங்குழிக்கு ஆயிற்று. பலகை இல்லாவிட்டால் மண்ணில் குழி தோண்டுங்கள், 14 குழி. குழிக்கு 5 போட்டால் எத்தனை கொட்டை வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

இங்கே எச்சரிக்கை. பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வருவதில் குன்றிமணியும் இருக்கும், சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும். கடும் விஷம், கண்டதும் வாங்கி வைத்துவிடுங்கள். அரளி, செங்காந்தள் இரண்டும் அப்படித்தான். எருக்கம் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சிறிய பயறுகளை ஒன்றாம் வகுப்புக் கையில் கொடுக்கும்போது பக்கத்திலேயே இருங்கள், மூக்கில் போட்டுக்கொள்ள அரை நொடி ஆகாது.

கடைசியாக நிழல். வெள்ளிக்கிழமைதோறும் மதியம் 12.15 வாக்கில், சாப்பாட்டு மணிக்கு முன், கொடிக்கம்பத்தின் நிழல் முனையில் ஒரு கல் வைத்து அடியால் அளக்கச் சொல்லுங்கள். ஐந்து மீட்டர் கம்பம் என்றால் ஜூன் கடைசியில் நிழல் சுமார் ஒரு மீட்டர்தான், அதுவும் தெற்கே விழும். டிசம்பர் கடைசியில் மூன்றரை மீட்டர், வடக்கே விழும். இடையில் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும், பிறகு ஏப்ரல் 22ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழல் கம்பத்தின் காலடியில் சுருங்கிவிடும். குளிர்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது வாழ்நாளில் காணக் கிடைக்காது. ஏப்ரலில் தேர்வு நெருக்கடி இருக்கும், இருந்தாலும் அந்த ஒரு நாள் ஐந்து நிமிடம் வெளியே கூட்டிப் போய்விடுங்கள்.

வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வரும்போது இதையெல்லாம் எங்கே காட்டுவது என்று கேட்பீர்கள். தனி ஆவணம் எழுதாதீர்கள். பாடக்குறிப்பில் அந்தந்த நாளின் கற்றல் விளைவுக்கு எதிரே 'காலண்டர் தாள்', 'மழைப் பட்டை', 'கோலப்புள்ளி' என்று ஒரு சொல் போதும். கேட்டால் அந்த மாதக் கட்டை எடுத்து, எழுதிய பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தொடங்கப் போவது எந்த மாதமாக இருந்தாலும் முதலில் காலண்டரும் நாடாவும் மட்டும் போதும். அவை பழகின பிறகு டப்பா. மல்லாட்டையை அடுத்த ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.